பெய்ஜிங் முற்ற வீடுகள்: டிக்கெட் காட்டாத பாதி

பெய்ஜிங்கின் பழைய நகரில் ஒரு முற்ற வீட்டுக்குள் எத்தனை குடும்பங்கள் குடியிருக்கின்றன என்று அறிய உள்ளே நுழைய வேண்டியதில்லை. வாசல் நடையின் சுவரைப் பார்த்தால் போதும். மின்மீட்டர் பெட்டிகள் அங்கே வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். ஒன்றே ஒன்று இருந்தால் அது பெரும் பணக்காரரின் வீடாகவோ அலுவலகமாகவோ அருங்காட்சியகமாகவோ இருக்கும். பத்துப் பன்னிரண்டு இருந்தால் சாதாரண மக்கள் வாழும் வீடு. சுற்றுலாப் பயணி டிக்கெட் வாங்கிக்கொண்டு நுழைவது பெரும்பாலும் முதல் வகைக்குள்தான். அங்கே ஒரு குடும்பம், ஒரு முற்றம், ஒரு மாதுளை மரம் என்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த ஒழுங்கு பொய்யல்ல. ஆனால் இந்த நகரத்து முற்ற வீடுகளின் கடந்த எழுபது ஆண்டுக் கதை அதற்குள் இல்லை. அந்த விடுபட்ட பாதியைத் தெரிந்துகொண்டு போனால், டிக்கெட் வாங்கிப் பார்க்கும் வீடுகளும் வேறு மாதிரியாகத் தெரியும் என்பது என் எண்ணம்.

முற்ற வீடு என்றதும் நம் மனதில் எழுவது, ஒரே கூரையின் நடுவே வானம் தெரியும் வீடு. சிஹேயுவான் எனப்படும் பெய்ஜிங் முற்ற வீடு அப்படிப்பட்டதல்ல. நான்கு பக்கமும் தனித்தனிக் கட்டடங்கள்; ஒவ்வொன்றுக்கும் தனிக் கூரை; மூலைகள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. ஓர் அறையிலிருந்து எதிர் அறைக்குப் போக, உறைபனிக் குளிரிலும் வெளியே இறங்கித்தான் ஆக வேண்டும். வசதி படைத்தவர்கள் முற்றத்தைச் சுற்றிக் கூரையிட்ட நடைவழி கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் நனைந்தும் நடுங்கியும் போனார்கள்.

வடக்கில் உள்ள கட்டடமே தலைமை வீடு. உயர்ந்த மேடைமேல், தெற்கு நோக்கி நிற்கும். பெய்ஜிங் ஏறத்தாழ 40 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. குளிர்காலச் சூரியன் தாழ்வாகவே நகரும். அந்த வெயில் தெற்குச் சன்னல்கள் வழியே அறையின் ஆழம் வரை பாயும். கோடையில் சூரியன் உச்சியில் நிற்பதால் கூரை விளிம்பு அதைத் தடுத்துவிடும். வடமேற்கிலிருந்து வீசும் வாடைக்கு முதுகைக் காட்டி நிற்பதால் பின்சுவரில் சன்னலே இருக்காது, இருந்தாலும் கூரைக்கு அடியில் சிறு திறப்பாகத்தான் இருக்கும். சந்தில் நடப்பவர் கண்ணுக்குச் சாம்பல் நிறச் செங்கல் சுவரைத் தவிர வேறெதுவும் படாததற்கு இதுதான் காரணம். முதல்முறை போகிறவர்கள் 'பார்க்க ஒன்றுமே இல்லையே' என்று சலித்துக்கொள்வதும் இதனால்தான்.

வெயிலின் வரிசையே குடும்பத்தின் வரிசையும். அதிக வெயில் பெறும் வடக்கு வீடு மூத்த தலைமுறைக்கு. கிழக்குச் சிறகு மூத்த மகனுக்கு, மேற்குச் சிறகு இளையவனுக்கு. வடக்கு நோக்கி, வெயிலே படாமல் கிடக்கும் தெற்கு வரிசை விருந்தினருக்கும் வேலையாட்களுக்கும். பெரிய வீடாக இருந்தால் எல்லாவற்றுக்கும் பின்னால் இன்னொரு வரிசை. மணமாகாத பெண்கள் அங்கே. தெருவாசல் நடுவில் இருக்காது, தென்கிழக்கு மூலையில் ஒதுங்கியிருக்கும். உள்ளே நுழைந்ததும் ஒரு மறைப்புச் சுவர் வழிமறிக்கும். இடப்பக்கம் திரும்பினால் குறுகலான முன்முற்றம். அதைத் தாண்டி இரண்டாவது வாசல். இரு பக்கமும் தரையைத் தொடாமல் அந்தரத்தில் தொங்கும் மரத்தூண்கள், நுனியில் தாமரை மொட்டு போன்ற செதுக்கல் என்று வீட்டின் அழகையெல்லாம் இந்த வாசலில் கொட்டியிருப்பார்கள். 'தலைவாசலை விட்டு வெளியே போகாதவள், இரண்டாம் வாசலைத் தாண்டாதவள்' என்று வசதியான வீட்டுப் பெண்ணைப் புகழும் பழைய சீனத் தொடர் ஒன்று உண்டு. அந்தச் செதுக்கலை ரசிக்கும்போது, அது யாரைத் தடுத்து நிறுத்தக் கட்டப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சந்துகளின் அமைப்பு இந்த வீடுகளைவிட மூத்தது. 1267-இல் மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கான் தன் புதிய தலைநகரான தாதூவைக் கட்டத் தொடங்கினார். வடக்கு-தெற்காகப் பெருவீதிகள், அவற்றுக்கு நடுவே கிழக்கு-மேற்காக, சீரான இடைவெளியில் ஹூதோங் எனப்படும் சந்துகள். சந்து கிழக்கு-மேற்காக ஓடினால்தான் அதன் இருபுறமும் உள்ள வீடுகள் தெற்கு நோக்கி நிற்க முடியும். தாதூவுக்கு முந்தைய பழைய நகரத்திலிருந்து குடிபெயர்வோருக்கு, செல்வருக்கும் அதிகாரிகளுக்கும் முதலிடம் தந்து, ஆளுக்கு 8 மூ (சீன நில அளவை) அளவில் மனை ஒதுக்க 1285-இல் ஆணை பிறந்தது. இன்று நிற்கும் வீடுகளில் பெரும்பாலானவை, மஞ்சு இனத்தவர் ஆண்ட சிங் வம்சக் காலத்தையோ அதற்குப் பிந்தைய குடியரசுக் காலத்தையோ சேர்ந்தவை. ஆனால் நன்லுவோகு சியாங் தெருவின் இருபுறமும் கிளை பிரியும் சந்துகளில் நடப்பவர் அந்தப் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரைபடத்தின் மேல்தான் நடக்கிறார்.

எழுத்தாளர்களின் வீடுகள்

டிக்கெட் வீடுகளில் நான் முதலில் சொல்வது, நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ ஷுன் வீட்டை. ஃபுச்செங்மென் பகுதியில், 1956 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. வீடு சிறியது, அதன் முன்கதைதான் பெரியது. 1919-இல் லூ ஷுன் சொந்த ஊரான ஷாவோசிங்கில் இருந்த பரம்பரை வீட்டை விற்றுவிட்டு, பெய்ஜிங்கின் பாதாவோவான் சந்தில் மூன்று முற்றங்கள் கொண்ட பெரிய வீட்டை வாங்கினார். தாய், மூன்று சகோதரர்கள், அவர்களுடைய மனைவி மக்கள் எல்லோரும் ஒரே வாசலுக்குள் வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. தன் புகழ்பெற்ற படைப்பான 'ஆ க்யூ'வின் கதையை அங்கேதான் எழுதினார். நான்கே ஆண்டுகள். 1923 ஜூலையில் தம்பி சோ சுவோரென்னோடு உறவு முறிந்தது. காரணத்தை இருவருமே கடைசிவரை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். லூ ஷுன் வெளியேறி, கடன் வாங்கி, ஃபுச்செங்மென்னில் இந்தச் சிறு வீட்டை வாங்கிச் செப்பனிட்டு 1924 மே மாதம் குடிபுகுந்தார்.

வடக்கு வீட்டின் பின்புறம் ஒட்டுப்போட்டாற்போல் நீளும் ஒரு சிற்றறைதான் அவருடைய எழுத்தறையும் படுக்கையறையும். 'புலி வால்' என்று அதைச் சொல்வார்கள். வடக்குப் பக்கம் சன்னல் வைக்கக் கூடாது என்ற வழக்கத்தை மீறி அங்கே பெரிய கண்ணாடிச் சன்னல் இருக்கிறது. தாய்க்கு ஓர் அறை. தாய் பார்த்து முடித்துவைத்த மனைவி சூ ஆனுக்கு வேறோர் அறை. அந்த மணவாழ்க்கை பெயரளவில்தான் இருந்தது. லூ ஷுன் 1926-இல் பெய்ஜிங்கை விட்டுப் போய்விட்டார். சூ ஆன் 1947-இல் இறக்கும் வரை இந்த வீட்டில்தான் இருந்தார். அருங்காட்சியகம் லூ ஷுனுடையது. ஆனால் அதிக ஆண்டுகள் வாழ்ந்த கணக்கில் பார்த்தால் வீடு சூ ஆனுடையது.

நாவலாசிரியரும் நாடகாசிரியருமான லாவ் ஷேயின் வீடு, பேரரசர்களின் பழைய அரண்மனைக்குக் கிழக்கே, ஃபெங்ஃபூ சந்தில் இருக்கிறது. ஏழை மஞ்சுக் குடும்பத்தில் பிறந்து, இந்தச் சந்துகளின் பேச்சையே இலக்கியமாக்கியவர். 1950-இல் வீட்டை வாங்கினார்; முற்றத்தில் அவரும் மனைவியும் நட்ட இரண்டு சீமைப்பனிச்சை மரங்கள் இலையுதிர் காலத்தில் செம்மஞ்சள் பழங்களோடு நிற்கும். 'தேநீர் விடுதி' நாடகம் இங்கே எழுதப்பட்டது. 1966 ஆகஸ்ட் 23 அன்று, பண்பாட்டுப் புரட்சியின் இளைஞர் படையான செங்காவலர்கள் அவரை அடித்து அவமானப்படுத்தினார்கள். மறுநாள் வீட்டிலிருந்து கிளம்பியவர் தைப்பிங் ஏரியில் உயிரை விட்டார். மேசை நாட்காட்டியில் அந்த 24-ஆம் தேதித் தாள்தான் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. ஏரி இப்போது இல்லை. அதைத் தூர்த்து மெட்ரோ ரயில் பணிமனை கட்டிவிட்டார்கள்.

ஹுகுவோசி தெருவில் இருக்கும் மெய் லான்ஃபாங் நினைவகம் இவற்றைவிட நேர்த்தியானது, கொஞ்சம் உயிர் குறைந்தது. பீக்கிங் ஓபராவில் பெண் வேடங்களுக்குப் புகழ்பெற்ற அந்தக் கலைஞர் வாழ்க்கையின் கடைசிப் பத்தாண்டுகளை, 1951 முதல் 1961 வரை, அங்கே கழித்தார். 1924-இல் தாகூர் பெய்ஜிங் வந்தபோது அவருக்காக மேடையேறியவரும் இவர்தான், அது இந்த வீட்டில் நடந்ததல்ல என்றாலும்.

ஓபராவைக் கேட்க வேண்டுமானால் நகரின் தெற்கே போக வேண்டும். அதற்குக் காரணம் உண்டு. 1648-இல் சிங் ஆட்சியாளர்கள் உள்நகரை மஞ்சுப் படைக் குடும்பங்களுக்கு ஒதுக்கி, ஹான் சீனரைத் தெற்கே வெளிநகருக்கு அனுப்பினார்கள். பிற்பாடு நாடகக் கொட்டகைகளுக்கும் உள்நகரில் தடை வந்தது. வணிகம், நாடகம், விடுதி எல்லாம் சியென்மென் வாசலுக்குத் தெற்கே குவிந்தன. வெளிமாகாணங்களிலிருந்து அரசுத் தேர்வெழுத வந்தவர்கள் தங்க, அந்தந்த ஊர்க்காரர்கள் கட்டிய சங்க மனைகள் அங்கே நூற்றுக்கணக்கில் இருந்தன. 1807-இல் எழுந்த ஹுகுவாங் மனை அவற்றில் ஒன்று. 1912 ஆகஸ்ட் 25 அன்று சீனக் குடியரசுப் புரட்சியின் தலைவர் சுன் யாட்-சென் தலைமையில் குவோமின்டாங் எனும் தேசியவாதக் கட்சி உருவானது இங்கேதான். மரத்தூண்கள் சூழ்ந்த அதன் மேடையில் 1990-களில் மீண்டும் ஓபரா தொடங்கியது.

இளவரசர் கோங்கின் மாளிகைக்குத்தான் கூட்டம் அதிகம். சியென்லோங் பேரரசரின் செல்லப்பிள்ளையான ஹெஷென் 1770-களில் கட்டத் தொடங்கியது. பேரரசர் 1799-இல் இறந்ததும், அடுத்து வந்த ஜியாசிங் சொத்தையெல்லாம் பறித்து, ஹெஷென் தற்கொலை செய்துகொள்ளும்படி ஆணையிட்டார். 1850-களில் மாளிகை இளவரசர் கோங்கின் கைக்கு வந்தது. பச்சை மெருகோடு வேய்ந்த மண்டபம், 150 மீட்டருக்கு மேல் நீளும் பின்புற மாடி வரிசை, தோட்டத்துக்குள் நாடக அரங்கு என்று எல்லாவற்றையும் வழிகாட்டிகள் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அவர்கள் விரைந்து கடந்துபோகும் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1930-களில் இது ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் வளாகமானது. பிறகு இசைப்பள்ளி வந்தது, அரசு அலுவலகங்கள் வந்தன, குடியிருப்புகள் வந்தன, ஏ.சி. எனும் குளிரூட்டிகள் தயாரிக்கும் தொழிற்சாலைகூட வந்தது. அத்தனை பேரையும் வெளியேற்றி முழு மாளிகையையும் திறக்க 2008 ஆகிவிட்டது; தோட்டம் மட்டும் 1988-இலேயே திறந்துவிட்டது. சீரமைப்பு அந்த எழுபது ஆண்டுகளைத் துடைத்துவிட்டு இளவரசரை மீட்டுக்கொண்டு வந்திருக்கிறது. தொழிற்சாலையின் ஒரு மூலையையாவது விட்டுவைத்திருந்தால் வரலாற்றுக்கு நேர்மையாக இருந்திருக்கும்.

முற்றம் எங்கே போனது?

இளவரசரின் மாளிகைக்கு நேர்ந்தது சாதாரண வீடுகளுக்கும் நேர்ந்தது. அவற்றைத் துடைத்துவிட யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

1949-இல் பெய்ஜிங் மக்கள் குடியரசின் தலைநகரானதும் அமைச்சகங்களும் படைப்பிரிவுகளும் ஆலைத் தொழிலாளரும் வந்து குவிந்தார்கள். வீடு போதவில்லை. 1958-இல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாடகைக்கு விட்டிருந்த தனியார் வீடுகளை அரசு தன் நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. உரிமையாளருக்கு வாடகையில் ஒரு பங்கு மட்டும். 1966-இல் பண்பாட்டுப் புரட்சி தொடங்கியபோது அந்தப் பங்கும் நின்றது. மிச்சமிருந்த தனியார் வீடுகளும் அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. மூத்த தலைமுறைக்கான வடக்கு வீட்டில் மூன்று குடும்பங்கள், இளையவனின் சிறகில் இரண்டு, வேலையாள் வரிசையில் நான்கு என்று அறைவாரியாகக் குடியேற்றம் நடந்தது. வெயிலின் வரிசை அதோடு அழிந்தது. யாருக்கு வெயில் என்பதை வீட்டு வசதி அலுவலகம் முடிவு செய்தது.

முற்றத்தை மட்டும் யாரும் அதுவரை தொடவில்லை. அதையும் பறித்தது 1976 ஜூலை 28 அதிகாலை தாங்ஷான் நகரை அழித்த நிலநடுக்கம். சுமார் 150 கிலோமீட்டர் தள்ளியிருந்த பெய்ஜிங்கிலும் வீடுகள் ஆட்டம் கண்டன. பின்னதிர்வுக்குப் பயந்து மக்கள் முற்றங்களில் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அபாயம் நீங்கியது, கொட்டகை நீங்கவில்லை. தார்ப்பாய் இருந்த இடத்தில் செங்கல் எழுந்து சமையலறை ஆனது. பண்பாட்டுப் புரட்சியில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டிருந்த இளைஞர்கள் திரும்பி வந்து திருமணம் செய்துகொண்டபோது, அது படுக்கையறையாகவும் ஆனது. கடைசியில் ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போகும் அகலத்துக்கு வழி மட்டும் மிஞ்சியது. இப்படிப் பல குடும்பங்கள் நெருங்கி வாழும் வீட்டை 'தாஸாயுவான்' என்கிறார்கள். 'வேனிற்பந்தல், மீன்தொட்டி, மாதுளை மரம். வாத்தியார், கொழுத்த நாய், கொழுகொழு வேலைக்காரி' என்று பழைய பெய்ஜிங்காரர்கள் சொல்லிவந்த வசதியான முற்றத்தின் அடையாளங்களில் அங்கே ஏதாவது மிஞ்சியிருந்தால் அது அந்த மரமாக இருக்கும்.

1980-களில் பறித்த வீடுகளைத் திருப்பித் தரும் கொள்கை வந்தது. உரிமைப் பத்திரம் திரும்பியது, குடியிருப்பவர் போகவில்லை. ஒரே முற்றத்துக்குள் அரசு வாடகை அறை, ஏதோ ஒரு நிறுவனத்தின் ஊழியர் அறை, தனியார் அறை மூன்றும் இருக்கும். ஒழுகும் கூரையைப் பழுதுபார்க்கக்கூட எத்தனை பேர் கையெழுத்து வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பல வீடுகளில் கழிப்பறை இல்லை. சந்துக்குச் சந்து பொதுக் கழிப்பறை இருப்பது அதனால்தான்.

ஆகவே 1990-களில் நகராட்சி பழைய வீடுகளை இடிக்கத் தொடங்கியபோது, எல்லோரும் அழுதார்கள் என்று எழுதினால் அது உண்மையாகாது. தனிக் கழிப்பறை உள்ள அடுக்குமாடி வீடு கிடைக்குமென்றால் சந்தோஷமாகப் போனவர்களும் உண்டு. ஈடு போதாமல் நகர விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்களும் உண்டு. சுவரில் வெள்ளை வட்டத்துக்குள் 'இடி' என்ற ஒற்றை எழுத்து வரைந்தால் அந்தச் சந்தின் ஆயுள் முடிந்தது. 2002-இல் 25 பகுதிகளைப் பாதுகாக்கும் திட்டம் ஒப்புதல் பெற்றது. ஆனாலும் 2012 தொடக்கத்தில், சீனக் கட்டடக்கலை வரலாற்றின் முன்னோடிகளான லியாங் ஸுசெங்கும் லின் ஹுயினும் 1930-களில் வாழ்ந்த வீடே தரைமட்டமானது. 1950-களில் நகரின் கோட்டைச் சுவரைக் காப்பாற்றப் போராடித் தோற்றவர் இந்த லியாங்தான். 'பராமரிப்பு நோக்கிலான இடிப்பு' என்று தரப்பட்ட விளக்கம் நாடெங்கும் கேலிக்குள்ளானது. 2017-இல் ஒப்புதல் பெற்ற நகரப் பெருந்திட்டம் பழைய நகரை இனி இடிப்பதில்லை என்று அறிவித்தது. பழைய நகரை வடக்கு-தெற்காகப் பிளக்கும் நடு அச்சு 2024 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இடிக்காமலும் ஒரு முற்றத்தை இழக்கலாம். பாதுகாப்புப் பகுதி வீடுகளைத் தனியார் வாங்கலாம் என்று 2004-இல் வழி திறந்த பிறகு, பல வீடுகள் சாம்பல் செங்கல் போர்த்திய புதுக் கட்டடங்களாக எழுந்திருக்கின்றன. அடியில் கார் நிறுத்துமிடம்கூட உண்டு. வெளியே ஒரு மின்மீட்டர். நன்லுவோகு சியாங் வேறு வகையில் திணறியது. கூட்டம் தாங்காமல் 2016-இல் தன் சுற்றுலாத் தரச் சான்றையே விட்டுக்கொடுத்து, குழுச் சுற்றுலாவுக்குத் தடை போட்டது. சுற்றுலாவால் பிழைக்கும் தெருவே சுற்றுலா வேண்டாம் என்று சொன்னதை வேறெங்கும் அவ்வளவாகக் கேட்க முடியாது.

மாற்று வழிகளும் முயலப்பட்டன. சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் வூ லியாங்யோங் 1987 முதல் ஜூஅர் சந்தில், நெருக்கடியான ஒரு பழைய வளாகத்தின் இடத்தில் இரண்டு மூன்று மாடி வீடுகளை முற்றங்களைச் சுற்றி எழுப்பினார். முற்றம் மீண்டது, ஒவ்வொரு வீட்டுக்கும் கழிப்பறை வந்தது, மரங்கள் வெட்டப்படவில்லை. 1992-இன் உலக உறைவிட விருது கிடைத்தது. ஆனால் பழைய குடிகளில் பெரும்பகுதியினரால் அங்கேயே வீடு வாங்கித் திரும்ப முடியவில்லை.

இன்னும் துணிச்சலானது சாஅர் சந்தின் 8-ஆம் எண் வீடு. பன்னிரண்டுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வாழ்ந்த தாஸாயுவான் அது. கட்டடக்கலைஞர் சாங் கே அங்கே குழந்தைகளுக்கு நூலகம் அமைத்தபோது, முற்றத்தில் முளைத்திருந்த சமையலறைக் கொட்டில்களை 'அசிங்கம்' என்று அகற்றவில்லை. அவற்றையும் வரலாறாகக் கருதி மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார். பெரிய மரத்தடியில் சுமார் ஒன்பது சதுர மீட்டரில், சீன மை கலந்த கான்கிரீட்டில் ஒரு வாசிப்பறை. 2016-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது. இளவரசர் மாளிகையில் நடந்ததற்கு நேர்மாறான முடிவு இது. இரண்டில் எது சரியான பாதுகாப்பு என்று கேட்டால் என் வாக்கு கொட்டிலுக்குத்தான்.

2019-இலிருந்து சில பகுதிகளில் வேறொரு முறை நடக்கிறது. விருப்பமுள்ள அரசு வாடகைதாரர் ஈட்டுத் தொகை பெற்று அறையைத் திருப்பித் தரலாம். இருக்க விரும்புபவர் இருக்கலாம். காலியான அறைகள் சீரமைக்கப்பட்டுப் புதியவர்களுக்கு வாடகைக்குப் போகின்றன. அறுபது ஆண்டு குடியிருந்த பாட்டியின் சன்னலுக்கு எதிரே வடிவமைப்பு அலுவலகமோ காபிக் கடையோ இருக்கும் முற்றங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

போகிறவர்களுக்கு

டிக்கெட் காட்டாத பாதியை ஓரளவுக்குக் காட்டும் ஓர் இடம் உண்டு: ஷிஜியா ஹூதோங் அருங்காட்சியகம். எழுத்தாளர் லிங் ஷுஹுவாவின் குடும்ப வீட்டில் 2013-இல் திறந்தது. முழுச் சந்தின் மாதிரி வடிவத்தோடு, 1950-களிலிருந்து 80-கள் வரை சாதாரணக் குடும்பங்கள் ஓர் அறையை எப்படி வைத்திருந்தன என்பதும் கட்டில், வானொலி, தகர வாளி சகிதம் அங்கே இருக்கிறது. ஒலிகளுக்கென்றே ஓர் அறை. சாணை பிடிப்பவரின் ஓசையும் புறாக்களின் வாலில் கட்டிய ஊதலின் ஓசையும் அங்கே பதிவாகியிருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் இதையும் லூ ஷுன் வீட்டையும் பார்த்துவிட்டு, இளவரசர் மாளிகையை விட்டுவிடலாம்.

மக்கள் வாழும் முற்றங்களின் வாசலில் 'குடியிருப்பு, பார்வையாளர் வர வேண்டாம்' என்ற பலகை இருக்கும். பலகை இல்லாவிட்டாலும் உள்ளே போகாமலிருப்பதே முறை. அது யாரோ ஒருவரின் சமையலறை. வெளியிலிருந்தே படிக்க நிறைய இருக்கிறது. கதவு கூரையின் முகட்டுக்கு நேர் கீழே, உள்வாங்கி இருந்தால் ஒரு காலத்தில் அதிகாரியின் வீடு. கதவு முன்னே வந்து, அதற்கு மேல் செங்கற்செதுக்கல் அள்ளித் தெளித்திருந்தால் பதவி இல்லாத ஒருவரின் வீடு. வாசலின் தரத்தை உயர்த்த உரிமையில்லாத வணிகன் பணத்தைச் செதுக்கலில் காட்டியிருப்பான். நிலையின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மரக்குமிழ்கள் நான்கா இரண்டா, வாசற்கல் முரசு வடிவமா பெட்டி வடிவமா என்பதும் அந்தஸ்தின் குறிகள்தாம். பிறகு மின்மீட்டர்களை எண்ணிக்கொள்ளலாம்.

பெரிய இடங்களுக்குக் கடவுச்சீட்டு எண்ணோடு முன்பதிவு செய்ய வேண்டும். அருங்காட்சியகங்களில் பெரும்பாலானவை திங்கட்கிழமை மூடியிருக்கும். அந்த நாளைச் சந்துகளில் நடக்க வைத்துக்கொள்ளலாம்.